உப்புக் காற்றுக்கு நடுவே ஒரு .315

2024 ஜூன் இரண்டாம் வாரம். தேர்தலுக்காக ஒப்படைத்திருந்த என் .315 துப்பாக்கியைக் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்து, உள் அறையில் பழைய பாயை விரித்து உறையைப் பிரித்தேன். வெளிப்பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ரவையை உள்ளே தள்ளிக் குழலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டைக் கழற்றிவிட்டு டார்ச் வெளிச்சத்தில் குழலுக்குள் பார்த்தேன், பளிச்சென்று இருந்தது. நிம்மதியாகத்தான், குழலுக்கு அடியில் தாங்கும் மரமான முன்கட்டையைக் கழற்றினேன். மரம் குழலோடு ஒட்டிக் கிடக்கும் அடிப்பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்கு, மஞ்சள்தூளைத் தூவி வைத்ததுபோல் துரு.

தப்பு என்னுடையதுதான். அதைச் சொல்வதற்குமுன் இந்தத் துப்பாக்கி எப்படி எங்கள் வீட்டுக்கு வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

ஏர்வாடிக்கும் வாலிநோக்கத்துக்கும் இடையில் எங்கள் ஊர். வீட்டு மொட்டை மாடியில் நின்றால் தெற்கே மன்னார் வளைகுடா, மேற்கே உப்பளம். அய்யா 1960களில் பட்டாளத்தில் இருந்தவர். அவர் .303 துப்பாக்கியைத் தோளில் சாய்த்து நிற்கும் புகைப்படம் ஒன்று கூடத்தில் மாட்டியிருக்கிறது. நானும் பட்டாளத்துக்குப் போனேன், ஆனால் லாரி ஓட்டினேன். வருடத்துக்கு ஒருமுறை ரேஞ்சுக்குக் கூட்டிப்போய்ச் சுடச் சொல்வார்கள், அதுவும் அடுத்த ரவையைத் தானே ஏற்றிக்கொள்ளும் எஸ்.எல்.ஆர். அய்யா வைத்திருந்த மாதிரி .303-ஐ நான் கையில் தொட்டது கல்லூரி என்.சி.சி. பரேடில் மட்டும்தான். அந்த ஆசை போகவில்லை. ஓய்வுக்குப் பிறகு ரைஃபிள் கிளப்பில் சேர்ந்தபோது, வாங்கினால் அந்த மாதிரி ஒன்றைத்தான் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

வெளிநாட்டில் இது சுலபம். படை கழித்துவிட்ட துப்பாக்கிகள் கடைக்கு வரும், உரிமம் உள்ளவர்கள் வாங்கிச் சுடுவார்கள். அந்த இருப்பு குறையக் குறைய, அதே அச்சில் புதிதாகச் செய்து விற்பவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஒரு நிறுவனம் .303 துப்பாக்கியான லீ-என்ஃபீல்டின் எண் 4 வடிவத்தை 7.62 ரவைக்கு ஏற்றபடி புதிதாகவே செய்து விற்றது. ஜெர்மனியில் டயானா நிறுவனம், பழைய ஜெர்மன் படைத் துப்பாக்கியான மவுசர் கே98 உருவத்தில் காற்றுத் துப்பாக்கியே போட்டது. நம் நாட்டில் அந்தக் கதவு அடைப்பு. .303 என்பது தடை செய்யப்பட்ட குழல் அளவு. படை கழித்தாலும் போலீஸ் கழித்தாலும் என்னைப் போன்ற ஆளுக்கு வராது. உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்போடு .303-க்கு விடை கொடுத்தபோது அந்தப் படங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதோடு சரி.

ஆனால் ஒரு பக்கவழி இருக்கிறது. அதை வைத்தவன் வெள்ளைக்காரன். படையின் ரவை தனியார் துப்பாக்கிக்குள் போய்விடக் கூடாது என்பது அவன் கவலை. .303 ரவையை மக்களுக்குத் தடுத்துவிட்டான். அதனால் துப்பாக்கி அமைப்பு லீ-என்ஃபீல்ட், ரவை மட்டும் வேறு என்று ஒரு கலப்பு பிறந்தது. ஆஸ்திரிய-ஹங்கேரிப் படை வைத்திருந்த 8 மி.மீ. மன்லிகர் ரவைதான் இங்கே .315 என்று பெயர் மாற்றிக்கொண்டது. கல்கத்தாவுக்கு வடக்கே இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் இது செய்யப்பட்டு, தடையில்லாத குழல் அளவு என்ற கணக்கில் உரிமக்காரர்களுக்கு விற்கப்படுகிறது. அதே தொழிற்சாலைதான் .303-ஐப் பல பத்தாண்டுகள் செய்தது. 1962 சீனப் போருக்குப் பிறகு அதே உடம்பில் 7.62 ரவை போடும் 2ஏ வகையையும் செய்தது. ஆக .315-ஐ நகல் என்று சொல்வதைவிட, அதே வீட்டில் பிறந்து சிவில் வேலைக்குப் போன தம்பி என்று சொல்லலாம்.

உரிமம் வாங்கிய கதையை நீட்ட மாட்டேன். விண்ணப்பம், போலீஸ் விசாரணை, பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்று, வீட்டில் வைக்கும் இடத்துக்கு உறுதிமொழி, கலெக்டர் அலுவலகம். 2021இல் போட்டது 2022 கடைசியில் கைக்கு வந்தது. பொறுமை உள்ளவர்கள் மட்டும் இதில் இறங்குங்கள்.

துப்பாக்கி புதிது இல்லை. மதுரையில் உரிமம் பெற்ற கடையில், காலமான ஒருவரின் குடும்பத்தார் விற்பனைக்கு விட்டிருந்தது. இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். கடையில் வேலை பார்க்கும் வயதான மெக்கானிக் எனக்கு மூன்று விஷயம் காட்டிக் கொடுத்தார். முதலாவது, போல்ட்டின் கைப்பிடியில் உள்ள எண்ணும் உடம்பில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். லீ-என்ஃபீல்டில் போல்ட்டின் தலை தனித் துண்டு, திருகிப் பொருத்துவது. பிற்கால எண் 4 வகையில் அந்தத் தலைகளுக்கு 0 முதல் 3 வரை அளவு எண் உண்டு, பார்த்து மாற்றலாம். இந்தப் பழைய குடும்பத்தில் எண் கிடையாது, ஒவ்வொன்றும் அதனதன் உடம்புக்குப் பார்த்துப் பொருத்தியது. வேறு துப்பாக்கியின் போல்ட் சொருகியிருந்தால் ரவையின் பின்பக்கத்துக்கு இடைவெளி தப்பிப் போகும். வெடிக்கும்போது அதன் பக்கத்தில் இருப்பது நம் முகம்.

இரண்டாவது, குழலின் வாய். துப்புரவுக் கம்பியை வாய்ப்பக்கமிருந்து விட்டு விட்டு இழுத்தே பல துப்பாக்கிகள் குறி கெட்டுப் போயிருக்கும் என்றார். மூன்றாவதை அவர் வாயால் சொல்லவில்லை, ஆணியில் தொங்கிய ஒரு முன்கட்டையைக் காட்டினார். நடுவில் பிளந்திருந்தது. "முன்கட்டையைக் கழட்டாம பின்கட்டை போல்ட்டைத் திருகுனவரு வேலை சார் இது." எஸ்.எம்.எல்.இ. என்ற பழைய லீ-என்ஃபீல்ட் குடும்பத்தில் பின்கட்டையை, அதாவது தோளில் வைக்கும் மரத்தை, உடம்போடு பிடிக்கும் நீளத் திருகு போல்ட்டின் முனை சதுரமாக முன்கட்டைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதை அப்படியே திருகினால் சதுரம் சுழன்று முன்மரத்தைப் பிளந்துவிடும். எனக்கு இது தெரியாது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் செய்திருப்பேன்.

2023 ஜனவரியில் வாங்கி, உரிமத்தில் எண்ணை ஏற்றி, வீட்டுக்குக் கொண்டுவந்தேன். போல்ட்டை முன்னால் தள்ளும்போது கடைசி ஒரு அங்குலத்தில் ஸ்பிரிங் எதிர்க்கும். மூடும்போதே விசை ஏறும் அமைப்பு இது. திறக்கும்போதே விசை ஏறும் மவுசர் பழகியவர்களுக்கு இது பிடிக்காது. எனக்கு என்.சி.சி. மைதானம் ஞாபகத்துக்கு வந்தது.

முதல் துரு மூன்றே வாரத்தில் வந்தது. அதற்குக் காரணம் என் அதிபுத்திசாலித்தனம்.

பழைய கால ரவைகளின் அடியில் தீப்பொறி கொடுக்கும் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலுக்குள் படியும். சமையல் உப்புக்குப் பங்காளி. எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால்தான் அந்தக் காலத்துச் சிப்பாய்கள் சுட்டு முடித்ததும் புனல் வைத்துக் குழலுக்குள் வெந்நீர் ஊற்றுவார்கள், அப்புறம்தான் எண்ணெய். அய்யா இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். என் ரவை எந்த வகையாக இருந்தாலும் வெந்நீர் ஊற்றுவதில் நஷ்டம் இல்லை என்று, முதல் ரேஞ்ச் நாள் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அண்டாவில் தண்ணீர் கொதிக்கவைத்து ஊற்றினேன். துடைத்தேன், எண்ணெய் போட்டேன்.

பத்தாம் நாள் வெள்ளைத் துணியை இழுத்தால் காப்பிக் கலரில் வருகிறது.

கொதிக்கவைத்தது எங்கள் வீட்டுப் போர்த் தண்ணீர். வாயில் வைத்தால் கரிக்கும் தண்ணீர். உப்பைக் கழுவ உப்புத் தண்ணீரை ஊற்றியிருக்கிறேன்! விசைப்படகு என்ஜின் பார்க்கும் பையனிடம் இதைச் சொன்னபோது அவன் சிரித்த சிரிப்பு தெருமுனைவரை கேட்டது. "அண்ணே, கடலுக்குள்ள போய்ட்டு வர்ற என்ஜினையே நாங்க நல்ல தண்ணி விட்டுத்தான் கழுவுறோம். நீங்க நல்ல துப்பாக்கிய உப்புத் தண்ணியில குளிப்பாட்டியிருக்கீங்க."

அன்றிலிருந்து கழுவுவதற்கு பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர்தான். ஐந்து லிட்டர் கேன் வாங்கினால் பல மாதம் வரும். ஐப்பசி மழையில் மாடியில் பிடித்த தண்ணீரும் நன்றாகவே இருக்கிறது, முதல் மழையை விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும். குழல் கையில் பிடிக்க முடியாத சூட்டில் இருக்கும்போதே துணி விட்டு எடுத்துவிட்டால் மிச்ச ஈரம் தானாக ஆவியாகிவிடும். உள்ளே வந்திருந்த துருவுக்குப் பித்தளை பிரஷ், எண்ணெய், பொறுமை. பின்பக்கமிருந்து மட்டும். லீ-என்ஃபீல்டில் அது சுலபம்: போல்ட்டைப் பின்னால் இழுத்து, அதன் தலையை மேல்நோக்கித் திருப்பினால் மொத்தமாக வெளியே வந்துவிடும், குழல் பின்னாலிருந்தே திறந்து கிடக்கும். திருப்பிச் சொருகும்போது தலை முழுதாகத் திருகியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அதே போல்ட், அதே தலை.

எண்ணெய் விஷயத்திலும் ஒரு பாடம். வீட்டில் தேங்காய் எண்ணெய் தாராளமாகக் கிடைக்கிறது, அரிவாளுக்குத் தடவுகிறோம், இதற்குத் தடவினால் என்ன என்று விசைப் பகுதியில் இரண்டு சொட்டு விட்டேன். இரண்டு மாதத்தில் பிசுக்காக இறுகி, மணலும் தூசும் ஒட்டிக்கொண்டது. மண்ணெண்ணெயில் கழுவி எடுத்தேன். தாவர எண்ணெய் இரும்புக்கு வேண்டாம். மரத்துக்கு வேண்டும், அதற்கு வருகிறேன்.

2023 டிசம்பர் மழை எல்லாருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் பக்கமும் சுவர் வியர்த்தது, பீரோவில் மடித்து வைத்த வேட்டியே ஈரமாக இருந்தது. பொங்கல் கழித்து ரேஞ்சுக்குப் போனபோது 50 மீட்டரில் எல்லாக் குண்டும் ஒரு சாண் அளவுக்குள் விழுந்தன, ஆனால் கூட்டமாக இடப்பக்கம் 12 சென்டிமீட்டர் தள்ளி. முந்தைய மாதங்களில் நடுவில் விழுந்துகொண்டிருந்த துப்பாக்கி.

என் துப்பாக்கியில் குழல் முனையில் உள்ள குறிமுள்ளுக்கும் கண் பக்கம் உள்ள பின்குறிக்கும் இடைவெளி சுமார் அரை மீட்டர். 50 மீட்டர் தூரத்துக்கு அது நூறு மடங்கு. குறிமுள்ளை 1 மில்லிமீட்டர் நகர்த்தினால் குண்டு 10 சென்டிமீட்டர் நகரும், எதிர்ப்பக்கமாக. குண்டு இடப்பக்கம் விழுந்தால் முள்ளையும் இடப்பக்கம்தான் தள்ள வேண்டும். கணக்கு போட்டேன்: 1.2 மில்லிமீட்டர். கிளப்பில் அதற்கான கருவி இருக்கிறது, தள்ளச் சொல்லலாம் என்று நினைத்து மதுரை மெக்கானிக்குப் போன் போட்டேன்.

"தள்ளாதீங்க சார். முள்ளு தானா நகராது. மரத்தப் பாருங்க" என்றார்.

ஒரு ரூபாய் நோட்டு அகலத்துக்குக் காகிதம் வெட்டி, குழலுக்கும் முன்கட்டையின் ஓரத்துக்கும் நடுவே விட்டு இழுத்துப் பார்த்தேன். இடப்பக்கம் தாராளமாகப் போனது. வலப்பக்கம் ஒரு இடத்தில் நின்றுவிட்டது. மழைக்கால ஈரத்தைக் குடித்து மரம் ஊதி, வலப்பக்கமிருந்து குழலை நெட்டித் தள்ளிக்கொண்டிருக்கிறது. முள்ளை நகர்த்தியிருந்தால் பங்குனி வெயிலில் மரம் சுருங்கியதும் குண்டு வலப்பக்கம் ஓடியிருக்கும், நான் மறுபடி முள்ளைத் துரத்திக்கொண்டு போயிருப்பேன்.

மரத்தைப் பற்றிக் கேட்க இந்தக் கடற்கரையில் ஆளுக்குப் பஞ்சமில்லை. கீழக்கரைப் பக்கம் வள்ளம் கட்டிய ஓடாவி ஒருவர், எழுபதைத் தாண்டியவர், எனக்குப் பழக்கம். இரும்பையெல்லாம் வீட்டில் பூட்டிவிட்டு முன்கட்டையை மட்டும் துணியில் சுற்றி எடுத்துப் போனேன். விரலால் உள்பக்கப் பள்ளத்தைத் தடவிப் பார்த்தார்.

"வெளியே வார்னிஷ் பளபளன்னு இருக்கு தம்பி. உள்ளே பச்சை மரம். தண்ணி மரத்துக்குள்ள பக்கவாட்டுல போறத விட தலைப்பக்கமாத்தான் போகும். வள்ளத்துல பலகை முனையைத்தான் மொதல்ல அடைப்போம்."

"வெயில்ல வச்சுக் காயவைக்கலாமா பாய்?"

"வச்சா முறுக்கிக்கும். நிழல்ல போடு, அடுப்படி மேல போட்டு வை. அவசரப்படாத."

அடுப்படிப் பரணில் நான்கு வாரம் கிடந்தது. வாரம் ஒருமுறை அஞ்சல் தராசில் வைத்து எடை பார்த்தேன். எடை குறைவது நின்ற வாரத்தில் எடுத்தேன். அப்புறம் ஆளிவிதை எண்ணெய். முதல் கையில் கொஞ்சம் டர்பென்டைன் கலந்து, ஊறும்வரை. அடுத்தடுத்து எண்ணெய் மட்டும், மெல்லிசாக, ஒவ்வொரு கைக்கும் நடுவே இரண்டு மூன்று நாள் இடைவெளி. மொத்தம் ஏழு கை, எல்லாம் உள்பக்கப் பள்ளத்திலும் முனைகளிலும். வெளியே தொடவே இல்லை. ஒரு எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், உள்ளுக்குள் சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துப் போட்டு முற்றத்தில் காயவைத்துத்தான் வீச வேண்டும். நான் தண்ணீர் வாளியில் போட்டு வைத்தேன். வீட்டில் அந்த வாளிக்காக இரண்டு நாள் பேச்சு விழுந்தது.

சுரண்டவில்லை, செதுக்கவில்லை. மரம் காய்ந்ததும் காகிதம் இரண்டு பக்கமும் போய் வந்தது. அடுத்த ரேஞ்சில் குண்டு நடுவுக்குத் திரும்பியது. முள் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இது முடிந்த கையோடு 2024 மார்ச் 16, நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு. உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்க வேண்டும், அது வழக்கமான நடைமுறை. இங்கேதான் என் தப்பு. இத்தனை உழைத்த துப்பாக்கி கீறல் படக்கூடாதே என்று, உள்ளே மெத்து மெத்தென்று பஞ்சு வைத்த புது உறை ஒன்றை வாங்கி, அதில் போட்டு ஜிப்பை இழுத்துக் கொடுத்தேன். கொண்டுபோன நாளில் தெற்கேயிருந்து காற்று. பஞ்சு அந்த ஈரத்தையும் உப்பையும் பிடித்து வைத்துக்கொண்டது. ஜூன் 4 எண்ணிக்கை முடிந்து கைக்கு வரும்வரை பதினொரு வாரத்துக்கு மேல், குளிரில் போர்வை போர்த்தியது போல, ஈரத்தைப் போர்த்தி வைத்திருக்கிறேன்.

உப்பளத்துக்காரர்களுக்கு இது தெரிந்த விஷயம். சாதாரண உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் கசிய ஆரம்பிக்கும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது, அது மூன்றில் ஒரு பங்கு ஈரப்பதத்திலேயே தண்ணீரை இழுக்கும். இரும்பின்மேல் உப்புத் துகள் உட்கார்ந்துவிட்டால் நமக்குக் காய்ந்த நாளாகத் தெரிவது அதற்கு ஈர நாள்தான். எங்கள் ஊரில் காய்ந்த நாளே குறைவு.

சரி, மஞ்சள் தூளுக்கு வருவோம். உப்புத்தாள் தொடவில்லை. தொட்டால் துருவோடு கருநீலப் பூச்சும் போய்விடும். எண்ணெயில் ஊறவிட்டு ஒரு இரவு வைத்து, நாலு சைபர் (மிக மெல்லிய) ஸ்டீல் வுல் என்ற இரும்பு நாரை வைத்து விரல் எடை மட்டும் கொடுத்துத் தேய்த்தேன். மேலோட்டமாக இருந்தது போய்விட்டது. ஊசிமுனை அளவில் ஐந்தாறு குழி மட்டும் நின்றது, மரத்துக்கு அடியில் இருப்பதால் யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும்.

பின்கட்டையின் இரும்புத் தகடும் வார் மாட்டும் வளையமும் மோசமாக இருந்தன. அவற்றில் ஒரு சோதனை செய்தேன். எண்ணெய்ப் பசை போகக் கழுவி, பேட்டரித் தண்ணீரில் அரை மணி கொதிக்கவிட்டேன். சிவப்புத் துரு கொதிநீரில் கறுப்பாக மாறும். அது வேறு வகை இரும்பு ஆக்சைடு, இரும்போடு ஒட்டிக்கொண்டு நிற்கும். பழைய காலத்தில் துப்பாக்கிகளுக்குக் கறுப்பு நிறம் ஏற்றியதே இப்படித்தான்: வேண்டுமென்றே துருப்பிடிக்கவிடு, கொதிக்கவை, பொடியைத் தேய்த்து எடு, திரும்பச் செய். நாலு சுற்றில் தகடு புகைபிடித்த சட்டி மாதிரிக் கறுத்தது. அழகு என்று சொல்ல முடியாது, ஆனால் ஒரு வருடமாகத் துரு திரும்பவில்லை. குழலுக்கு இதைச் செய்யவில்லை. குழலைக் கழற்றுவது, போல்ட் தலை இடைவெளி பார்ப்பது, விசையை இளக்குவது எல்லாம் உரிமம் பெற்ற பட்டறை வேலை, சட்டப்படியும் அப்படித்தான். என் கை, துடைப்பதோடும் எண்ணெயோடும் நின்றுவிடும்.

இப்போது வைக்கும் முறை: சுவரோடு போல்ட் போட்டு இறுக்கிய இரும்பு பீரோ. துப்பாக்கி உறை இல்லாமல் நிற்கிறது, போல்ட் வேறு பூட்டில், ரவை இன்னொரு பூட்டில். கீழ்த்தட்டில் பழைய 15 வாட் இழை பல்பு ஒன்று எரிந்துகொண்டே இருக்கும், உள்ளே காற்று வெளியைவிட இரண்டு மூன்று டிகிரி சூடாக இருந்தாலே ஈரம் இரும்பில் படியாது. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது, அதில் சூடு இல்லை. இழை பல்பைத் தேடி ராமநாதபுரம் கடைத்தெருவில் மூன்று கடை ஏறி இறங்கினேன், ஆறு வாங்கி வைத்திருக்கிறேன். கூடவே நீல சிலிக்கா ஜெல் அரைக் கிலோ, துணிப்பையில். ஈரம் குடித்தால் ரோஸ் நிறமாகும், பழைய வாணலியில் மெல்லிய தீயில் வறுத்தால் திரும்ப நீலம். அந்த வாணலியைச் சமையலுக்குத் திருப்பித் தரக்கூடாது, நீல நிறத்துக்குச் சேர்க்கும் கோபால்ட் நச்சு. ஞாயிறுதோறும் போல்ட்டைக் கழற்றி ஒரு துணி இழுப்பேன், மாதம் ஒருமுறை முன்கட்டையைக் கழற்றிப் பார்ப்பேன். சோழகக் காற்று பலமாக அடிக்கும் ஆனி ஆடியில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை.

அந்தப் பஞ்சு உறையை மகளின் டென்னிஸ் மட்டைக்குக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த தேர்தலுக்கு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். ஆறு அங்குல பி.வி.சி. குழாயில் துப்பாக்கி நீளத்துக்கு ஒரு துண்டு, ஒரு முனையில் ஒட்டிய மூடி, மறுமுனையில் திருகு மூடி, எண்ணைச் சரிபார்க்கக் கேட்டால் உடனே திறந்து காட்டலாம். உள்ளே இரண்டு இடத்தில் மட்டும் மரத்தைத் தாங்க ரப்பர் வளையம், அடியில் சிலிக்கா ஜெல். காய்ந்த நாளாகப் பார்த்து உள்ளே போட்டு மூடிவிட வேண்டும். மூன்று வாரம் வெறுங் குழாயில் ஒரு பளபளப்பான ஆணியைப் போட்டு மாடியில் வைத்துப் பார்த்தேன், ஆணி போட்டபடியே இருந்தது. இப்போது ஆறு வாரச் சோதனை ஓடுகிறது. போர் போட ஆள் வருகிறதா என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா நேற்றும் கேட்டார்.